படத்தில் இல்லாதவர்கள்: கைவிடப்பட்ட மனநோய் வைத்தியசாலைகளும் அமெரிக்காவின் புதிய ஆணையும்

நீண்ட நடைக்கூடம். இருபுறமும் திறந்து கிடக்கும் கதவுகள். சுவரில் இருந்து சருகு போலச் சுருண்டு விழும் பச்சை வர்ணப்பூச்சு. உடைந்த கண்ணாடி வழியே உள்ளே விழும் வெயில். கூடத்தின் நடுவில் தனியாக ஒரு சக்கர நாற்காலி. இணையத்தில் கைவிடப்பட்ட மனநோய் வைத்தியசாலைகளின் படங்களைத் தேடுகிறவர்களுக்கு முதலில் வந்து விழுவது இந்தக் காட்சிதான். எந்த நாடு, எந்த ஊர் என்பது முக்கியமில்லை. படம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் சக்கர நாற்காலியை, படம் எடுக்க வந்தவரே பக்கத்து அறையில் இருந்து இழுத்து வந்து வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்குப் பல தடவை வந்திருக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது ஒரு தனிப் பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. மூடப்பட்ட தொழிற்சாலைகள், ரயில் நிலையங்கள், வைத்தியசாலைகளுக்குள் வேலி தாண்டிப் புகுந்து படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். படத்தைத் தவிர வேறெதையும் எடுத்துச் செல்வதில்லை, காலடியைத் தவிர வேறெதையும் விட்டுச் செல்வதில்லை என்பது அவர்களுக்குள் ஒரு விதி. அந்த விதியைக் காப்பவர்களும் உண்டு, காக்காதவர்களும் உண்டு. இத்தகைய காணொளிகளை நடுநிசியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே வெளியில் நின்று கல் எறிவது என் நோக்கமல்ல.

இந்தப் படங்களைப் பற்றி இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 ஜூலை 24ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு நிறைவேற்று ஆணையில் கையொப்பமிட்டார். தெருவில் வாழும் வீடற்றவர்களில் மனநோய் அல்லது போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களை, அவர்களது சம்மதம் இல்லாமலே நீண்டகாலப் பராமரிப்பு நிறுவனங்களில் சேர்ப்பதை அந்த ஆணை ஊக்குவிக்கிறது. அதற்குத் தடையாக இருக்கும் நீதிமன்றத் தீர்ப்புகளை மாற்றவும், ஏற்கெனவே செய்துகொள்ளப்பட்ட சட்ட இணக்கங்களை முடிவுக்குக் கொண்டுவரவும் முயலுமாறு சட்டமா அதிபருக்குப் பணிக்கிறது. முதலில் வீடு, பிறகு சிகிச்சை என்ற கொள்கைக்கான ஆதரவையும் அது நிறுத்துகிறது. பழைய மனநோய் வைத்தியசாலைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ட்ரம்ப் பல மேடைகளில் பேசியிருக்கிறார். இது ஒரு கட்சியின் குரல் மட்டுமல்ல. 2022இல் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த நியூயோர்க் நகர மேயர் எரிக் அடம்ஸும் தெருவில் இருப்பவர்களைக் கட்டாயமாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் அதிகாரத்தை விரித்துப் பொருள் கொண்டார். கலிபோர்னியாவும் தன் சட்டங்களை அதே திசையில் தளர்த்தியது.

அரை நூற்றாண்டுக்கு முன்னர் காலி செய்யத் தொடங்கிய கட்டடங்களை மீண்டும் நிரப்புவது பற்றி ஒரு நாடு பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டடங்கள் எப்படி இருந்தன என்பதை அந்த நாட்டின் இளைய தலைமுறை அறிந்திருப்பது பெரும்பாலும் இந்தப் படங்களின் வழியாகத்தான். ஆனால் இந்தப் படங்களில் ஆட்கள் இல்லை.

பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகரின் எல்லையில் பைபெரி என்ற இடத்தில் ஒரு பெரிய அரச மனநோய் வைத்தியசாலை இருந்தது. 1990இல் மூடப்பட்டது. அதன்பின் 2006இல் இடித்து முடிக்கப்படும் வரை, அது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் படம் எடுக்கத் துடிப்பவர்களின் யாத்திரைத் தலம். கட்டடங்களை இணைக்கும் நிலக்கீழ்ச் சுரங்கப் பாதைகள், சுவர் முழுதும் கிறுக்கல்கள், சுரங்கத்தில் கத்தியோடு திரியும் ஒருவனைப் பற்றிய கட்டுக்கதைகள் என்று எல்லாம் சேர்ந்து அந்த இடத்துக்கு ஒரு மவுசைக் கொடுத்தன. இன்று அந்த நிலத்தின் ஒரு பகுதியில் வயதானோருக்கான குடியிருப்பு இருக்கிறது.

இதே பைபெரியில் இன்னொரு தொகுதிப் படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்த இளைஞர்கள் சுமார் 3,000 பேரை அமெரிக்க அரசு மனநோய் வைத்தியசாலைகளுக்குப் பணியாட்களாக அனுப்பியது. அவர்களில் ஒருவர் சார்ள்ஸ் லோர்ட். குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். பைபெரியில் வேலை செய்த அவர், சிறிய கமரா ஒன்றை மறைத்துக் கொண்டுபோய் விடுதிக்குள் படம் எடுத்தார். வெறும் சீமெந்துத் தரையில், உடையின்றி, சுவரோரமாகக் குந்தியிருக்கும் ஆண்கள். ஒரு பெரிய அறை நிறைய அவர்கள். 1946 மே மாதம் லைஃப் சஞ்சிகை அந்தப் படங்களை வெளியிட்டது. நாஸி வதைமுகாம்களின் படங்களைப் பார்த்து ஓராண்டே ஆகியிருந்த அமெரிக்க வாசகர்களுக்கு, இந்தப் படங்கள் எதை நினைவூட்டின என்பதைச் சொல்லத் தேவையில்லை. அரச மனநோய் வைத்தியசாலைகளின் நிலை ஒரு தேசியப் பிரச்சினையாக மாறியதற்கு அந்தப் பக்கங்கள் முக்கிய காரணம்.

ஒரே இடம், இரண்டு தொகுதிப் படங்கள். முதலாவதை எடுத்தவர் அங்கே வேலை செய்தவர். ஒவ்வொரு நாளும் அந்த மனிதர்களுக்கு உணவு கொடுத்தவர், அவர்களைக் கழுவிவிட்டவர். இரண்டாவதை எடுத்தவர்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்து, அச்சத்தின் சுகத்தைத் தேடி வந்தவர்கள். முதலாவது படத்தைப் பார்க்கிறவர் ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்பார். இரண்டாவதைப் பார்க்கிறவர் ‘காலம் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது’ என்று பெருமூச்சு விடுவார். ஆனால் பைபெரியைக் காலி செய்தது காலமல்ல. அரசியல் முடிவுகளும் வரவுசெலவுத் திட்டங்களும்தான்.

அந்த முடிவுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1955இல் அமெரிக்காவின் அரச மனநோய் வைத்தியசாலைகளில் சுமார் 5 இலட்சத்து 59 ஆயிரம் பேர் தங்கியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து அங்கே பாவனைக்கு வந்திருந்தது. வாழ்நாள் முழுதும் பூட்டி வைத்திருக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. 1963 ஒக்டோபர் 31ஆம் திகதி, தான் கொல்லப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், ஜனாதிபதி கென்னடி சமூக உளநலச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பெரிய வைத்தியசாலைகளுக்குப் பதிலாக நாடு முழுதும் சிறிய உளநல நிலையங்கள் 1,500 அமைப்பது திட்டம். பாதியளவே கட்டப்பட்டன. அவற்றை நடத்துவதற்கான நிலையான பணம் வரவேயில்லை.

1965இல் மெடிகெயிட் என்ற வறியோருக்கான மருத்துவக் காப்புறுதி வந்தபோது இன்னொன்றும் நடந்தது. மனநோய் நிறுவனங்களில் தங்கியிருக்கும் நடுத்தர வயதினரின் செலவை அந்தக் காப்புறுதி ஏற்காது என்று விதிக்கப்பட்டது. அதாவது ஒரு நோயாளியை மாநில வைத்தியசாலையில் வைத்திருந்தால் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில். வெளியே அனுப்பினால், அல்லது முதியோர் இல்லத்துக்கு மாற்றினால், பாதிக்கு மேல் மத்திய அரசின் கணக்கில். எந்த மாநில நிதியமைச்சும் என்ன செய்யும் என்பதை ஊகிக்கக் கணக்காய்வாளராக இருக்க வேண்டியதில்லை. அந்த அரை மில்லியனுக்கு மேற்பட்ட கட்டில்கள் இன்று ஏறத்தாழ 40 ஆயிரத்தைச் சுற்றி நிற்கின்றன. அதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை இரட்டிப்பாகியிருக்கிறது.

போனவர்கள் எங்கே போனார்கள்? பலர் வீடு போனார்கள், நன்றாகவே வாழ்ந்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூடப்பட்டதே தவறு என்று இப்போது பேசுகிறவர்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் வெளியே எந்த ஏற்பாடும் இல்லாமல் விடப்பட்டவர்களும், பிற்காலத்தில் நோய்வாய்ப்பட்டுப் போக இடமில்லாதவர்களும் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். லொஸ் ஏஞ்சலிஸ், சிக்காகோவின் குக் கவுண்டி, நியூயோர்க்கின் ரைக்கர்ஸ் தீவு ஆகிய இடங்களின் சிறைகளை நாட்டின் மிகப்பெரிய மனநோய் வைத்தியசாலைகள் என்று அழைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. 2015இல் குக் கவுண்டி சிறையின் பொறுப்பாளராக ஓர் உளவியலாளர் நியமிக்கப்பட்டதே நிலைமையைச் சொல்லும். இந்தச் சிறைகளுக்குள் வேலி தாண்டிப் போய்ப் படம் எடுக்க முடியாது. மக்கள் இல்லாத பழைய கட்டடத்தின் உள்ளே போவது எளிது. மக்கள் இருக்கும் புதிய கட்டடத்துக்குள் கமராவுக்கு இடமில்லை.

இத்தனைக்கும் இந்தக் கலையில் சிறந்த வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். கிறிஸ்தோபர் பெய்ன் என்ற புகைப்படக் கலைஞர் 2002இல் இருந்து சுமார் ஆறு ஆண்டுகள், 30 மாநிலங்களில் 70 அரச மனநோய் வைத்தியசாலைகளைப் பதிவு செய்தார். அவர் திருட்டுத்தனமாகப் புகுந்தவர் அல்லர், அனுமதி பெற்றுச் சென்றவர். கட்டடக் கலை படித்தவர். 2009இல் வெளிவந்த அவரது நூலில் என்னை நிறுத்திய படம் ஒன்று உண்டு. சுவரில் வரிசையாகத் தொங்கும் பற்தூரிகைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். இடிந்த கூரையும் உரிந்த சுவரும் செய்யாத வேலையை அந்தப் பற்தூரிகைகள் செய்கின்றன. காலையில் எழுந்து வரிசையில் நின்று பல் துலக்கியவர்கள் அங்கே இருந்தார்கள் என்று அவை சொல்கின்றன.

அந்த நூலுக்கு நரம்பியல் மருத்துவர் ஒலிவர் சக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். நியூயோர்க்கின் அரச மனநோய் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்தவர் அவர். அந்த நிறுவனங்களின் கொடுமைகளை மறைக்காமலே, இன்னொரு பக்கத்தையும் அவர் காட்டினார். தோட்டம், மாட்டுப்பண்ணை, தச்சுக்கூடம், சமையற்கூடம் என்று ஒரு சிற்றூர் போலவே இயங்கிய அந்த இடங்கள் சிலருக்கு உண்மையாகவே புகலிடமாக இருந்தன. தெருவிலோ சிறையிலோ கிடப்பதைவிட அது மேல் என்று உணர்ந்த நோயாளிகள் இருந்தார்கள். சக்ஸின் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இன்று அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் முன்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கட்டடங்களில் பல ஏன் அரண்மனை போல் இருக்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விடயம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோமஸ் கேர்க்பிரைட் என்ற பிலடெல்பியா மருத்துவர், நல்ல கட்டடமே மருந்தின் ஒரு பகுதி என்று நம்பினார். நடுவில் நிர்வாகக் கட்டடம், இருபுறமும் வௌவாலின் சிறகு போலப் படிப்படியாகப் பின்வாங்கும் விடுதிகள். ஒவ்வொரு அறைக்கும் வெயிலும் காற்றும் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த அமைப்பு. ஏறத்தாழ 250 நோயாளிகளுக்கு மேல் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பது அவரது கருத்து. மேற்கு வெர்ஜீனியாவின் வெஸ்டன் நகரில் அந்த முறையில் கட்டப்பட்ட வைத்தியசாலையில் 1950களில் 2,400 பேர் அளவில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கட்டடம் கெட்டுப்போகவில்லை. 250 பேருக்கான இடத்தில் அதைப்போல் பத்து மடங்கு ஆட்களை வைத்ததுதான் நடந்தது. எவ்வளவு அழகான கட்டடங்கள், இப்படி வீணாகிவிட்டனவே என்று காணொளிகளுக்குக் கீழே எழுதுகிறவர்களும், அவற்றைத் திறந்தால் தெரு சுத்தமாகிவிடும் என்று பேசும் அரசியல்வாதிகளும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வெஸ்டன் வைத்தியசாலை 1994இல் மூடப்பட்டு, 2007இல் 15 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் போனது. இன்று அங்கே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பகலில் வரலாற்றுச் சுற்றுலாவும் இரவில் பேய்ச் சுற்றுலாவும் போகலாம். பென்சில்வேனியாவில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை அடைத்து வைத்திருந்த பென்ஹேர்ஸ்ட் என்ற நிறுவனம், 2010இல் இருந்து பயமுறுத்தும் வீடாக நடத்தப்படுகிறது. அங்கு குழந்தைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்ததை 1968இல் ஒரு தொலைக்காட்சி ஊடகவியலாளர் நாட்டுக்குக் காட்டினார். அந்த வளாகத்தை இப்படிப் பயன்படுத்துவதை மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் எதிர்த்தன. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தாங்கள் துன்பப்பட்ட அறையில், தங்களைப் போல் வேடமிட்ட ஒருவர் ‘ஊ’ என்று கத்திப் பணம் வாங்குவதை அவர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர்களின் விடயம் இதைவிடச் சிக்கலானது.

நியூயோர்க் மாநிலத்தில் செனெக்கா ஏரிக்கரையில் வில்லார்ட் என்ற வைத்தியசாலை 1869இல் திறக்கப்பட்டது. 1995இல் மூடப்படும் வரை அதில் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் அங்கேயே இறந்தார்கள். மூடும் வேளையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடப் பரணில் 400க்கு மேற்பட்ட பயணப் பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. 1910 முதல் 1960கள் வரை, வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தவை. வைத்தியசாலைக்கு என்றால் சில வாரங்கள்தான் என்று நினைத்து அடுக்கிய பெட்டிகள். அலாரம் கடிகாரம், தையற் சாமான், செபப் புத்தகம், குடும்பப் படம், இராணுவச் சீருடை. அவை நியூயோர்க் மாநில அருங்காட்சியகத்துக்குப் போயின. 2011இல் இருந்து ஜோன் கிறிஸ்பின் என்ற புகைப்படக் கலைஞர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து படம் எடுத்தார். பொருளை அதன் இடத்திலேயே வைத்து, எளிய ஒளியில், அலங்காரம் எதுவும் இல்லாமல் எடுத்த படங்கள்.

ஆனால் அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரரின் முழுப்பெயரை வெளியிட மாநில உளநல அலுவலகம் இடம் கொடுக்கவில்லை. இறந்து அரை நூற்றாண்டு ஆன பின்னரும் நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது சட்டம். பெட்டிகளில் சிலவற்றின் பின்னால் உள்ள வாழ்க்கைகளை ஆராய்ந்து 2008இல் நூலாக்கிய டார்பி பென்னி, பீட்டர் ஸ்டாஸ்ட்னி ஆகியோரும் உண்மைக் குடும்பப் பெயர்களைப் பயன்படுத்த முடியவில்லை. வில்லார்ட்டின் மயானத்தில் 5,776 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். புதைகுழிகளில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.

அந்தக் குழிகளில் 1,500க்கு மேற்பட்டவற்றை வெட்டியவரும் ஒரு நோயாளிதான். அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலிசியாவில் இருந்து வந்து, நியூயோர்க்கில் யன்னல் கழுவி வாழ்ந்தவர். 1918இல் வில்லார்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 1968இல் 90 வயதில் அங்கேயே இறந்து, தான் குழி வெட்டிய அதே மயானத்தில் புதைக்கப்பட்டார். அவர் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று உள்ளூர்த் தன்னார்வலர்கள் கேட்டபோது, உறவினர் ஒருவரின் சம்மதம் இல்லாமல் முடியாது என்று அதிகாரிகள் மறுத்தார்கள். ஒரு தூரத்து உறவினர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே வழி பிறந்தது. 2015இல் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. லாரன்ஸ் மோகா. மற்ற ஆயிரக்கணக்கானோர் இன்னும் இலக்கங்களே.

அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. மூடப்பட்ட வைத்தியசாலைகள் சிலவற்றில் நோயாளர் கோப்புகள் அப்படியே தரையில் சிதறிக் கிடந்தன. புகுந்தவர்கள் அவற்றைப் படம் எடுத்து, நோயின் பெயர் தெரியும்படி இணையத்தில் போட்டார்கள். ஒருவரின் பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்க நேரலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆக, கோப்புகள் யார் காலடியிலும் மிதிபடக் கிடக்கலாம், ஆனால் சந்ததியினர் கேட்டால் கல்லறைப் பெயர் இரகசியம். இதில் காக்கப்படுவது நோயாளியின் மானமா, அரசின் மானமா?

இதற்கு வேறு விடையும் சாத்தியம் என்பதை ஒரிகன் மாநிலம் காட்டியது. சேலம் நகரில் உள்ள ஒரிகன் அரச வைத்தியசாலையில்தான் 1975இல் ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ திரைப்படம் எடுக்கப்பட்டது. 2004இல் அங்கு சென்ற மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு கொட்டிலுக்குள் ஆயிரக்கணக்கான செப்புக் குவளைகளைக் கண்டார்கள். எரிக்கப்பட்டு, யாரும் பெற்றுச் செல்லாத நோயாளிகளின் சாம்பல். ஈரம் பட்டு, செம்பு பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. டேவிட் மைசல் என்ற கலைஞர் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து 2008இல் நூலாக்கினார். வர்ணங்கள் அபாரமானவை. பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும். அதுவே சங்கடமும்கூட. மனிதச் சாம்பல் என்று தெரியாமல் பார்த்தால் அவை தொலைதூரக் கோள்களின் படங்கள் போல் இருக்கும்.

ஆனால் ஒரிகனில் படம் மட்டும் வேலை செய்யவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையான தி ஒரிகோனியன் அந்த வைத்தியசாலையின் அன்றைய நிலைமை பற்றித் தொடர்ந்து எழுதிய ஆசிரியத் தலையங்கங்களுக்கு 2006இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கவனியுங்கள், அவர்கள் பழைய சாம்பலோடு நின்றுவிடவில்லை. அந்த வளாகத்தில் அன்றும் நோயாளிகள் இருந்தார்கள், நெருக்கடியிலும் பாழடைந்த கட்டடத்திலும் இருந்தார்கள் என்பதை எழுதினார்கள். சட்டம் திருத்தப்பட்டது. 2011இல் 3,400க்கு மேற்பட்ட பெயர்கள் இணையத்தில் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. குடும்பங்கள் தேடி வந்தன. நூற்றுக்கணக்கானோரின் சாம்பல் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2014இல் நினைவிடம் திறக்கப்பட்டது. புதிய வைத்தியசாலைக் கட்டடமும் வந்தது.

அத்திலாந்திக்கின் மறுகரையில் இத்தாலியில் கமரா இன்னும் முன்னதாகவே உள்ளே போனது. மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் தூண்டுதலில் கார்லா செராட்டி, ஜியானி பெரெங்கோ கார்டின் ஆகிய இரு கலைஞர்கள், நோயாளிகள் உள்ளே இருந்தபோதே மனநோய் விடுதிகளைப் படம் எடுத்தார்கள். 1969இல் அது நூலாக வந்தது. 1973இல் திரியெஸ்தே நகரில் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து ஒரு பெரிய நீலக் குதிரையைச் செய்து, ஊர்வலமாக வெளியே கொண்டுவந்தார்கள். வாசல் குதிரைக்குப் போதவில்லை, உடைத்துத்தான் வர வேண்டியிருந்தது. 1978இல் மனநோய் வைத்தியசாலைகளைப் படிப்படியாக மூடும் சட்டம் வந்தது. சட்டம் நாடு முழுதும் ஒரேபோல் நடைமுறைக்கு வரவில்லை. பல இடங்களில் குடும்பங்களின் தலையில், குறிப்பாகத் தாய்மாரின் தலையில், சுமை விழுந்தது. ஆனால் திரியெஸ்தேயில் 24 மணிநேரமும் திறந்திருக்கும் உளநல நிலையங்கள் முதலில் அமைக்கப்பட்டன. சான் ஜியோவன்னி என்ற பழைய வளாகம் இன்று ரோஜாத் தோட்டமும் பல்கலைக்கழக வகுப்புகளும் உணவகமும் உள்ள பூங்கா. பாழடைந்த கட்டடத்தைத் தேடும் கமராக்காரருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 2025 ஜூலையில் கட்டாய அனுமதிக்கு ஆணை கையொப்பமானது. அதே மாதம் 4ஆம் திகதி கையொப்பமான பெரும் வரி, செலவினச் சட்டம் மெடிகெயிட் காப்புறுதியில் பெரிய வெட்டுகளைச் செய்திருந்தது. அந்த நாட்டில் உளநலச் சேவைகளுக்கு மிக அதிகமாகப் பணம் செலுத்துவது மெடிகெயிட்தான். ஒரு கையால் வெளியே உள்ள சிகிச்சைக்கான பணத்தைக் குறைத்து, மறுகையால் உள்ளே தள்ளும் அதிகாரத்தைக் கூட்டுவது. 1960களில் கட்டடத்தை மூடினார்கள், வெளியே பணம் போடவில்லை. இப்போது கட்டடத்தைத் திறக்கப் பார்க்கிறார்கள், அதற்கும் தனியான பணம் இல்லை. தீவிர நோயில் இருக்கும் ஒருவருக்கு நல்ல வைத்தியசாலைக் கட்டில் தேவைப்படும் நேரங்கள் உண்டு, சில நேரம் அவர் சம்மதிக்காதபோதும் தேவைப்படும். நோயாளியைப் பார்த்துக்கொண்ட எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். ஆனால் தெருவில் அவரைக் காணாமல் இருப்பது ஒரு நோக்கம், அவர் குணமடைவது வேறொரு நோக்கம். ஆணையின் தலைப்பே குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் முடிவுக்குக் கொண்டுவருவது பற்றியது.

வில்லார்ட்டுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் நோயாளிகள் போன கையோடு, வளாகத்தின் ஒரு பகுதி போதைப்பொருள் வழக்குக் கைதிகளுக்கான சிறையாக்கப்பட்டது. 2022 மார்ச்சில் அந்தச் சிறையும் மூடப்பட்டது.

எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இடிபாடுகளைப் படம் எடுக்க வருகிறவர்களை வடக்கில் உள்ளவர்கள் அறிவார்கள். போர் முடிந்த கையோடு கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, நின்று சிரித்துப் படம் எடுத்துச் சென்றவர்களை நாங்கள் பார்த்தோம். பக்கத்திலேயே நினைவுப்பொருள் கடை. அந்தத் தாங்கியில் இருந்து தண்ணீர் குடித்தவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று படம் எடுத்தவர்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மனநோய் வைத்தியசாலையைப் பொறுத்தவரை, இலங்கையில் கைவிடப்பட்ட அரண்மனைகள் இல்லை. அங்கொடை இன்னும் இயங்குகிறது. தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறி, அங்கே நல்ல வேலை செய்யும் மருத்துவர்களும் தாதியரும் இருக்கிறார்கள். ஆனாலும் ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்’ என்பது இந்த நாட்டில் இரு மொழிகளிலும் இன்னும் வசைச்சொல்தான். குணமடைந்த பின்னரும் வீட்டார் ஏற்றுக்கொள்ளாததால் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த உளநலக் கொள்கை, சிகிச்சையைக் கொழும்பைச் சுற்றிய பெரிய வைத்தியசாலைகளில் இருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. அது சரியான திசை. அதில் கணிசமான தூரம் போயிருக்கிறோம். ஆனால் ஒருவரைச் சம்மதமின்றி அனுமதிப்பது பற்றிய சட்டம் இன்னும் 1873ஆம் ஆண்டு பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டம்தான். 1956இல் பெயரையும் சில பிரிவுகளையும் மாற்றினார்கள். புத்தி பேதலித்தவரா இல்லையா என்பதை மாவட்ட நீதிபதி விசாரிக்கும் ஏற்பாடு அதில் இன்றும் இருக்கிறது. வில்லார்ட் திறக்கப்பட்டு நான்கு ஆண்டுகளில் எழுதப்பட்ட சட்டம் இது.

அதற்குப் பதிலான புதிய சட்ட வரைவு பற்றிப் பல அரசாங்கங்கள் பேசிவிட்டன. அந்த வரைவு மீண்டும் மேசைக்கு வரும்போது, அனுமதிப்பதற்கான பிரிவுகளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடக் கூடாது. வெளியே அனுப்பப்படுகிறவர் எந்த வீட்டுக்குப் போகிறார், எந்த மாவட்ட வைத்தியசாலையில் மாதாந்த மருந்தை எடுக்கிறார், அந்த மருந்து இல்லாத மாதத்துக்கு யார் பதில் சொல்வது, அங்கேயே இறந்துபோகிறவரின் பெயரை யாரிடம் கேட்டுப் பெறுவது என்ற பிரிவுகள் அதில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.